கரடியுள்ளி

ஏப்ரல் மூன்றாம் ஞாயிறு.
எம்மே ஆற்றுக்கு அந்தப் பக்கக் காடு.
இரவு முழுக்க வெதுப்பகத்தில் நின்று வந்தவரை
மூன்று மணித்தியாலம்தான் நித்திரைகொள்ள விட்டோம்.
புருவத்தில் இன்னும் மா.

"பெயர்லவ்ஹ்" என்று தொண்டையைச் செருமுகிறாள் ஜனுசா,
பிறகு தமிழில்: "கரடிப்பூண்டு."
அது அவளுடைய தமிழ்ப் பள்ளிக்கூடத்துப் பூண்டு.
எங்கள் குசினியில் உள்ளி.
ஆகவே கரடியுள்ளி.
"கரடி எங்க?" என்கிறான் சின்னவன்.
"பேர்னில, வேலிக்குள்ள" என்கிறார் இவர்
கொட்டாவிக்கு நடுவில்.

நிலம் முழுக்கப் பச்சை.
யாரோ தாளித்துவிட்டு
மூடாமல் போனதுபோல மணம்.

இதே பச்சையில் இன்னொன்றும் முளைக்கும்.
மே மாதம் வெள்ளை மணி மணியாய்ப் பூத்து
மேசைக் கிண்ணத்தில் அழகாய் நிற்கும்.
தின்றால் நெஞ்சை நிறுத்தும்.
பாதை தொடங்குமிடத்துப் பலகையில்
இரண்டின் படமும் பக்கத்துப் பக்கத்தில்.
எனக்கு இரண்டும் ஒன்றுதான்.

கசக்கி மணந்து பார், உள்ளி மணத்தால் சரி
என்று வேலையிடத்து வெரேனா சொன்னாள்.
பத்து இலை வரைக்கும் அது உண்மை.
பதினோராவதில் விரலே உள்ளி.
மோதிரம் உள்ளி, மூக்குத் துடைத்த கடதாசி உள்ளி,
கல்லை எடுத்து மணந்தாலும் உள்ளி.
அதற்குப் பிறகு மணம் சாட்சி சொல்லாது.

குனிந்து காம்பைத்தான் பார்க்கவேண்டும்.
தனித்தனியே மண்ணால் எழும்பினால் நல்லது.
ஒரே தண்டில் இரண்டு ஒட்டிக்கொண்டு வந்தால்
தொடாதே.
"அப்ப நாங்கள் நஞ்சில்லை" என்றார்.

சிரித்தேன்.
நான் வேலையால் வர அவர் படுக்கப் போவார்.
அறை வாசலில் கைமாறுவது
காய்ச்சல் மருந்தின் கணக்கு,
வந்த கடிதம், கட்டாத கட்டணம்,
அரிசி கழுவியாயிற்றா என்ற கேள்வி.
பதினொரு வருஷம்.

வீட்டில் மூன்று தண்ணீரில் கழுவிச்
சன்னமாய் அரிந்தேன்.
பச்சைமிளகாய். சின்ன வெங்காயம் இல்லாததால் பெரியது.
பனிக்கட்டியாய் இறுகிய தேங்காய்ப்பூவைக்
கரண்டிப் பின்பக்கத்தால் உடைத்தார் அவர்.
இறக்கும்போது தேசிக்காய்ப்புளி.
மணம் பாதி வறையில் அடங்கும்,
மீதி கதவிடுக்கால் மேல்மாடி ஏறும்.
மீன்குழம்பு வைத்தால் யன்னலைச் சாத்துகிற
ஹேர் ஆஃபோல்டர், இன்று
படியில் நின்று மூக்கை விரித்து
"பெயர்லவ்ஹ்?" என்றார்.
ஓம் என்றேன், தமிழில்.

"முதல் நான். அரை மணித்தியாலம் பாருங்கோ.
பிழைச்சிருந்தால் நீங்கள்."
வருஷா வருஷம் இதே பகிடி.
அரை மணித்தியாலம் போதாது என்று வாதாடிய ஜனுசா
சோறு ஆறுவதைப் பார்த்து ஒப்புக்கொண்டாள்.
கைபேசியில் நேரம் இறங்கத் தொடங்கியது.

நஞ்சு ஏறினால் அறிவு தடுமாறுமாம்.
அதனால் கேள்விகள்.
ஏழெட்டு? ஐம்பத்தாறு.
வீட்டிலக்கம்? பதினேழு.
அம்மாவின் பிறந்தநாள்?
என்னைப் பார்க்காமலே சரியாகச் சொன்னார்.
"என்ர ரீச்சரின்ர பேர்?" என்றான் சின்னவன்.

மிச்சம் பத்தொன்பது நிமிடம்.
கரண்டி தட்டிலேயே கிடந்தது.
"அப்பாக்கு ஏறீட்டுது!" என்று கத்தினான்,
அவ்வளவு சந்தோசமாக.

ஒருவரும் சிரிக்கவில்லை.
பிறகு அவரே சிரித்துக்
கதிரையை அவன் பக்கம் இழுத்தார்.
"சொல்லு."

பெயரோடு நிற்கவில்லை அவன்.
ரீச்சரின் சிவப்புச் சைக்கிள்,
வகுப்பில் வளர்க்கும் இரண்டு நத்தை,
அதில் ஒன்று காணாமற்போனது,
மேலங்கி கொழுவுகிற இடத்தில் தானே அதைக் கண்டுபிடித்தது,
அதற்குப் பேர் வைக்க விட்டது,
வைத்த பேர் "அப்பம்" என்பது,
அதை ஒருவராலும் சரியாகச் சொல்ல முடியாதது.

மணி அடித்தது.
ஜனுசா சத்தமில்லாமல் அதை நிறுத்திவிட்டுத்
தட்டுகளை எடுத்து வைத்தாள்.
சோறு நன்றாக ஆறியிருந்தது.

இரவு பன்னிரண்டரை.
விளக்கைப் போடாமல் சப்பாத்துக் கட்டுகிறார்.
நான் நித்திரை என்ற நினைப்பில்
வாய்ப்பாடு பாடமாக்கும் பிள்ளைபோல
மெல்லச் சொல்லிப் பார்க்கிறார்:
ஃப்ராவ் இங்கோல்ட்.
ஃப்ராவ் இங்கோல்ட்.